பழைய பிரீமியம் எஸ்யூவி: விலை குறைஞ்சிருக்கும், செலவு குறையாது

புதுசுல இருந்த விலை நாலஞ்சு வருஷத்துல பாதிக்கு கிட்ட வந்துரும். ஆனா அதே வண்டிக்கு போடுற பார்ட்ஸ் விலையும் அதை மாட்டுற லேபரும் பாதி ஆகவே ஆகாது. சின்ன சைஸ் பிரீமியம் எஸ்யூவி செகண்ட் ஹேண்ட்ல தேடுறவங்க இதை முதல்ல மண்டையில ஏத்திக்கணும், ஏன்னா விலைய மட்டும் பாத்தா சாதா கம்பெனி புது வண்டிய விட இது சல்லிசா தெரியும், அப்புறம் ஒரு ஹெட்லைட் உடைஞ்சாலே தெரியும் சங்கதி. எல்இடி ஹெட்லைட் எல்லாம் இப்ப பல்பு மாத்துற கதை இல்ல, பெரும்பாலும் முழு யூனிட்டா தான் மாத்தணும்.

எங்களுக்கு தேவை என்னன்னா, ரெண்டு பிள்ளைங்க, ஒண்ணு இன்னும் சைல்ட் சீட்ல, கூட அம்மா. அம்மாக்கு முட்டி வலி, தாழ்வான கார்ல குனிஞ்சு ஏறி இறங்குறது கஷ்டம். பெரிய எஸ்யூவி பார்க்கிங்ல திருப்ப எனக்கு இஷ்டம் இல்ல. அதனால பிஎம்டபிள்யூ எக்ஸ்1, ஆடி க்யூ3, மெர்சிடிஸ் ஜிஎல்ஏ, வோல்வோ எக்ஸ்சி40, லெக்ஸஸ் யுஎக்ஸ் இந்த வரிசைல தான் தேடுனோம். தேடுனோம்னு சொல்றது மரியாதைக்கு, தேடுனது நான். வீட்டுக்காரருக்கு கார்னா ஸ்டீயரிங் இருக்கணும் ஏசி வரணும் அவ்ளோதான். ஆனா விக்க வர்றவங்க எல்லாரும் அவரைப் பாத்து தான் பேசுவாங்க, எஞ்சின் பத்தி நான் கேள்வி கேப்பேன், பதில் அவருக்கு போகும், அவரு அப்படியே தலைய என் பக்கம் திருப்புவாரு. அதுலயும் ஒரு லாபம் இருந்துச்சு, அவங்க அவர்கிட்ட பேசிக்கிட்டு இருக்கிற நேரத்துல நான் நிம்மதியா கார்ப்பெட்ட தூக்கிப் பாத்துருவேன்.

முதல்ல இடம். பேரு எஸ்யூவின்னு இருந்தாலும் இந்த வண்டிங்களுக்குள்ள இட வித்தியாசம் ரொம்ப அதிகம். ஜிஎல்ஏ முதல் தலைமுறைல டிக்கி 421 லிட்டர், எக்ஸ்சி40ல 460, எக்ஸ்1 ரெண்டாவது தலைமுறைல 505, க்யூ3 ரெண்டாவது தலைமுறைல 530. நம்பர் மட்டும் நம்பி போகாதீங்க, உங்க பிள்ளையோட ஸ்ட்ரோலரையும் சைல்ட் சீட்டையும் கையோட எடுத்துட்டு போங்க. நான் எடுத்துட்டு போனேன், ஒருத்தர் மூஞ்சி சுளிச்சாரு, பரவால்ல. பின்னாடி பாத்து வைக்கிற சைல்ட் சீட்ட மாட்டுனா முன் சீட்ட எவ்ளோ முன்னாடி தள்ள வேண்டியிருக்குன்னு அங்கேயே தெரிஞ்சிரும், ஒரு வண்டில எங்க வீட்டுக்காரர் முட்டி டேஷ்போர்டுல இடிச்சுது. அதே மாதிரி நடு சீட்ல ஒரு பெரியவங்கள உக்கார வெச்சுப் பாருங்க, தரையில நடுவுல மேடு எவ்ளோ உயரம்னு கவனிங்க. ரெண்டு சைல்ட் சீட் மாட்டிட்டு நடுவுல அம்மாவையும் உக்கார வெச்சிரலாம்னு நெனச்சா இந்த சைஸ்ல எதுலயும் ஒழுங்கா நடக்காது. ஏழு பேரு கட்டாயம்னா மெர்சிடிஸ் ஜிஎல்பில மூணாவது வரிசை ஆப்ஷனா வந்துச்சு, அதுவும் சின்னவங்களுக்கு தான்.

எக்ஸ்1ல ஒரு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கணும். 2009ல வந்த முதல் தலைமுறைய இ84ன்னு சொல்வாங்க, அது பின் சக்கரம் இழுக்குற அமைப்பு, எஞ்சின் நீளவாக்குல நிக்கும், அதனால உள்ள இடம் கம்மி. 2015ல வந்த எஃப்48ல எஞ்சின குறுக்கால வெச்சு முன் சக்கர அமைப்புக்கு மாத்திட்டாங்க, ஓட்டுறதுல வெறி புடிச்சவங்க அதை இன்னும் குறை சொல்வாங்க, ஆனா குடும்பத்துக்கு அது தான் நல்லது, பின் சீட்ல கால் நீட்ட இடம் கிடைச்சுது, சீட் உயரமும் அம்மாக்கு சரியா இருந்துச்சு. அதனால எங்க லிஸ்ட்ல இ84 அப்பவே போயிருச்சு. 2022க்கு அப்புறம் வந்த மூணாவது தலைமுறை எங்க பட்ஜெட்டுக்கு மேல.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். பேட்ஜ பாத்து வண்டி எடுக்காதீங்க, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேந்த ஜோடிய பாத்து எடுங்க. ஒரே பேரு, ஒரே வருஷம், ஒரே கலர் ரெண்டு வண்டி நிக்கும், ஒண்ணு பத்து வருஷம் ஓடும், இன்னொண்ணு உங்கள வொர்க்‌ஷாப் வாசல்லயே உக்கார வெக்கும். வெளில இருந்து பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது, டிக்கில ஒட்டிருக்கிற எழுத்து கூட சில நேரம் பொய் சொல்லும், அதை கழட்டி வேற ஒட்டுறவங்க இருக்காங்க. சேஸிஸ் நம்பர் 17 எழுத்தையும் வாங்கி, அந்த கம்பெனி பார்ட்ஸ் கேட்டலாக்ல போட்டா எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், ஃபேக்டரில இருந்து என்னென்ன ஆப்ஷனோட வந்துச்சுன்னு வந்துரும். நான் வண்டி பாக்க கிளம்புறதுக்கு முன்னாடியே இந்த நம்பர கேட்டு வாங்கிருவேன், குடுக்க மாட்டேன்னு சொன்னவங்க வண்டிய பாக்கவே போகல.

எஞ்சின் விஷயத்துல நல்லா தெரிஞ்ச கதைங்க சிலது இருக்கு. பிஎம்டபிள்யூவோட பழைய என்47 டீசல்ல, வால்வுங்கள சரியான நேரத்துல தொறக்க வெக்கிற டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கமா, அதாவது எஞ்சினுக்கு பின்னாடி இருக்கும், அது தேஞ்சு சத்தம் போட ஆரம்பிச்சா செயின் விலை பெருசில்ல, அது கிட்ட போய் சேர்றதுக்கான வேலை தான் பெருசு. அந்த எஞ்சினுக்கு பதிலா பி47 வந்ததுக்கு அப்புறம் நெலம பரவால்ல. ஃபோக்ஸ்வேகன் குடும்பத்தோட (ஆடியும் அதுல தான்) 2.0 டர்போ பெட்ரோல், ஈஏ888ன்னு சொல்ற எஞ்சின்ல ரெண்டாவது தலைமுறை பிஸ்டன் ரிங் விஷயத்தால ஆயில் குடிக்கும்னு பேர் வாங்குனது. பழைய க்யூ3 பெட்ரோல் பாக்குறவங்க ஓனர்கிட்ட நைசா ஒரு கேள்வி கேளுங்க, டிக்கில ஆயில் கேன் எதுக்கு வெச்சிருக்கீங்கன்னு. கேன் இருந்தா அதுவே பதில். ஆரம்ப கால க்யூ3 டீசல் பாத்தீங்கன்னா அது 2015 செப்டம்பர்ல வெளிய வந்த, புகை டெஸ்ட்ல சாஃப்ட்வேர் வெச்சு ஏமாத்துன டீசல்கேட் விவகாரத்துல சிக்குன ஈஏ189 எஞ்சினா, அதுக்கான சாஃப்ட்வேர் அப்டேட் ஆகியிருக்கா, அப்டேட்டுக்கு அப்புறம் எப்படி ஓடுதுன்னு கேளுங்க.

டீசலா பெட்ரோலாங்கிற சண்டை எங்க வீட்ல ரொம்ப நாள் ஓடுச்சு. மைலேஜ் பாத்தா டீசல் தான். ஆனா எங்க ஓட்டம் ஸ்கூல், ஆபீஸ், கடை, எல்லாமே பக்கத்துல பக்கத்துல. டீசல் வண்டில புகைக்கரிய புடிச்சு வெக்கிற டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு, அது சேத்து வெச்ச கரிய எரிக்கணும்னா கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேணும், அந்த சூடு வர்றதுக்கு வண்டி ஒரு பதினஞ்சு இருபது நிமிஷம் நிக்காம சீரா ஓடணும். நம்ம எஞ்சின் சூடாகுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துருவோம். பாதில நிறுத்திட்டே இருந்தா எரிக்கிறதுக்குன்னு கூடுதலா விட்ட டீசல் சிலிண்டர் வழியா ஆயில்ல போய் கலக்கும், ஆயில் லெவல் குறையாம ஏறும், ஆயில் நீத்துப் போகும், டர்போவுக்கும் பேரிங்குக்கும் அது ஆகாது. அதனால குறைஞ்ச கிலோமீட்டர் ஓடுன டீசல் வண்டின்னு யாராச்சும் பெருமையா சொன்னா எனக்கு பயம் தான் வரும். ஹைவேல ஒரு லட்சம் ஓடுன டீசல், ஊருக்குள்ளயே முப்பதாயிரம் ஓடுன டீசல விட மேல். எங்களுக்கு பெட்ரோல்னு முடிவாச்சு. ஊருக்குள்ள ஓட்டம் ரொம்ப அதிகம்னா ஹைப்ரிட் இன்னும் நல்லது, யுஎக்ஸ் 250ஹெச் ஓட்டிப் பாத்தேன், வெண்ணெய் மாதிரி போச்சு, ஆனா பின் சீட்டும் டிக்கியும் எங்களுக்கு பத்தல. ஹைப்ரிட் எடுக்குறவங்க பின் சீட் கிட்ட பேட்டரிக்கு காத்து போற ஓட்டை இருக்கும், அங்க தூசியும் நாய் முடியும் அடைச்சிருக்கான்னு பாத்துக்கோங்க.

கியர்பாக்ஸ் தான் அடுத்தது. ஆட்டோமேட்டிக்னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க, உள்ள ரெண்டு வேற வேற சாமான். எஞ்சின் சக்திய ஆயில் வழியா கியருக்கு கடத்துற டார்க் கன்வெர்ட்டர் ஒண்ணு, ரெண்டு கிளட்ச் மாறி மாறி கியர் மாத்துற டூயல் கிளட்ச் ஒண்ணு. டூயல் கிளட்ச்லயே ஆயில்ல முங்கி இருக்கிறது, டிரையா இருக்கிறதுன்னு ரெண்டு. ஜிஎல்ஏல பெரும்பாலும் 7 கியர் டூயல் கிளட்ச், எக்ஸ்சி40 ஆரம்ப வருஷத்து 4 சிலிண்டர்ல 8 கியர் டார்க் கன்வெர்ட்டர், எக்ஸ்1 எஃப்48ல வருஷத்தையும் வேரியன்ட்டையும் பொறுத்து ரெண்டுமே இருக்கு. டூயல் கிளட்ச் கெட்டதுன்னு நான் சொல்லல, ஓட்டுறப்ப கியர் மாறுறதே தெரியாது, ஆனா டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போறதுக்கும் ரிவர்ஸ்ல மேட்டுல ஏத்துறதுக்கும் டார்க் கன்வெர்ட்டர் தான் எனக்கு புடிச்சுது. சோதிக்கிறது எப்படின்னா, வண்டி நல்லா சூடானதுக்கு அப்புறம் ஆக்ஸிலரேட்டர தொடாம பிரேக்க மட்டும் மெதுவா விட்டு நடக்குற வேகத்துல ஊர விடுங்க, மேட்டுலயும் பண்ணுங்க, வெட்டி வெட்டி போச்சுன்னாலோ உடம்பு குலுங்குச்சுன்னாலோ கிளட்ச் பக்கம் சந்தேகம். கூடவே டி, ஆர், டினு மாத்தி மாத்தி போட்டு ஒவ்வொரு தடவையும் லேட் ஆகுதா, டங்குன்னு அடிக்குதான்னு பாக்கணும்.

கியர் ஆயில் பத்தி கேட்டா பாதிப் பேரு லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்னு சொல்வாங்க. யாரோட லைஃப்டைம்னு கேக்கணும். ஈர டூயல் கிளட்ச்சுக்கு பல மாடல்ல 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும்னு கம்பெனி அட்டவணையிலேயே இருக்கு. இசட்எஃப் கம்பெனி தன்னோட 8 கியர் பாக்ஸுக்கு 80,000ல இருந்து 1,20,000க்குள்ள மாத்தச் சொல்லுது. செஞ்சவனே மாத்துன்னு சொல்றப்ப விக்கிறவன் பேச்ச ஏன் கேக்கணும். நாலு சக்கரமும் இழுக்குற ஆல் வீல் டிரைவ் வண்டின்னா, பின் சக்கரத்துக்கு சக்திய சேக்குற கப்ளிங்ல தனி ஆயில், அதுவும் பேப்பர்ல இருக்கணும். உங்களுக்கு பனியும் சேறும் இல்லன்னா ஆல் வீல் டிரைவ் இல்லாததே எடுங்க, மாட்டிக்கிற சாமான் ரெண்டு குறையும்.

பேப்பர்னு சொன்னேன்ல, அதை படிக்கிற விதம் இருக்கு. ஃபைல் குண்டா இருக்குன்னு மயங்கக்கூடாது. ஒவ்வொரு பில்லுலயும் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒரு பேப்பர்ல வரிசையா போட்டேன். நம்பர் ஏறிட்டே வரணும், நடுவுல குறைஞ்சா மீட்டர்ல கை வெச்சாச்சு. ரெண்டு சர்வீஸுக்கு நடுவுல எவ்ளோ இடைவெளின்னும் பாத்தேன், இந்த வண்டிங்கள்ல சிலதுக்கு 30,000 கிலோமீட்டர் வரைக்கும் ஆயில் மாத்தாம ஓடலாம்னு வண்டியே சொல்லும், புது வண்டிய மூணு வருஷம் ஓட்டிட்டு குடுத்துட்டு போறவங்களுக்கு அது சரி, அடுத்து வாங்குற நமக்கு சரியில்ல. வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் ஆயில் மாத்துனவர் வண்டி கிடைச்சா கொஞ்சம் காசு கூட குடுக்கலாம். பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தியிருக்காங்களான்னு பாருங்க, அதை மாத்துற ஆளு மத்ததையும் பாத்திருப்பாரு. இப்ப நிறைய வண்டில சர்வீஸ் புக்கே கிடையாது, எல்லாம் கம்பெனி சிஸ்டத்துல, அங்க இருந்து பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லலாம்.

நேர்ல பாக்குறப்ப முதல் விதி, எஞ்சின் ஜில்லுன்னு இருக்கணும். ஒரு டீலர்கிட்ட முன்கூட்டியே ஃபோன்ல சொல்லியிருந்தேன், நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போய் பானெட்ல கை வெச்சேன், சூடு. இப்ப தான் கழுவ எடுத்தோம் மேடம்னு சொன்னாரு. வண்டி பாக்க பளபளன்னு நல்லா தான் இருந்துச்சு, இருந்தும் வேற ஒரு நாள் வர்றோம்னு கிளம்பிட்டோம், போகல. செயின் சத்தம், லிஃப்டர் சத்தம், புகை எல்லாம் ஜில்லு ஸ்டார்ட்ல முதல் சில விநாடில தான் காட்டிக் குடுக்கும்.

இன்னொரு இடத்துல வீட்ல வெச்சு வித்தவரு ரொம்ப நல்லவரு, வண்டியும் அழகு, டாப் வேரியன்ட், பெரிய கண்ணாடி ரூஃப். பயணி பக்கம் கால் வெக்கிற இடத்துல மேட்ட எடுத்துட்டு கார்ப்பெட்ட அமுக்குனேன், கையில ஈரம். கண்ணாடி ரூஃப்ல விழுற தண்ணி நாலு மூலைலயும் சின்ன குழாய் வழியா கீழ போகணும், அதுல இலையும் மண்ணும் அடைச்சா தண்ணி உள்ள இறங்கும். குழாய சுத்தம் பண்றது சுலபம், ஆனா கார்ப்பெட்டுக்கு அடில வயரும் கண்ட்ரோல் யூனிட்டும் போற வண்டி இது, எது எப்ப துரு புடிக்கும்னு யாருக்கும் தெரியாது. அவருக்கே அது தெரியல பாவம். சொல்லிட்டு வந்தோம். பெரிய கண்ணாடி ரூஃப் பிள்ளைங்களுக்கு புடிக்கும், எனக்கு அன்னைல இருந்து புடிக்கல.

டயர பாருங்க. பக்கவாட்டுல DOTன்னு எழுத்துல ஆரம்பிக்கிற வரிசைல கடைசி நாலு நம்பர், 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. நாலு டயரும் ஒரே பிராண்டா, ஒரே தேய்மானமான்னு பாக்கணும், ஆல் வீல் டிரைவ்ல இது ரொம்ப முக்கியம், ஏன்னா சக்கரங்களோட சுத்தளவு வித்தியாசப்பட்டா கப்ளிங் சும்மாவே வேலை செஞ்சு சூடாகும். நாலு டயரும் நாலு கம்பெனியா இருந்தா அந்த ஓனர் வேற எதுல எல்லாம் சிக்கனம் புடிச்சாருன்னு யோசிங்க. பெயிண்ட் கனம் பாக்குற மீட்டர் சின்னதா கிடைக்கும், ஃபேக்டரி பெயிண்ட் பெரும்பாலும் நூறு நூத்தம்பது மைக்ரான்ல ஒரே மாதிரி காட்டும், ஒரு கதவுல மட்டும் பல நூறு காட்டுனா உள்ள பட்டி பூசிருக்கு. முன் கண்ணாடி மாத்துன வண்டின்னா அது பின்னாடி இருக்கிற கேமராவ மறுபடி காலிபரேட் பண்ணாங்களான்னு, அதாவது சரியா பாக்குற மாதிரி செட் பண்ணாங்களான்னு பில் கேளுங்க, தானா பிரேக் போடுறதும் லேன் புடிக்கிறதும் அந்த கேமராவ நம்பி தான் இருக்கு.

வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான எரர் கோட படிக்கிற ஸ்கேனர் இல்லாம போகாதீங்க. நான் ஒரு மெக்கானிக் அண்ணாவ கூட்டிட்டு போனேன், அந்த கம்பெனி வண்டியவே வருஷக்கணக்கா பாத்தவரு. ஒரு வண்டில ஸ்கேனர் மாட்டுனதும் எரர் கோடு ஒண்ணு கூட வரல, எனக்கு சந்தோஷம். அவரு சிரிச்சாரு. "சுத்தமா இருக்கிறது தான்மா சந்தேகம், இவ்ளோ கம்ப்யூட்டர் இருக்கிற வண்டில ஒரு சின்ன பழைய கோடு கூடவா இருக்காது"ன்னாரு. வண்டி தன்னையே சோதிச்சுக்கிற டெஸ்ட் எல்லாம் முடிஞ்சுதான்னு காட்டுற ரெடினெஸ்னு ஒரு பக்கம் ஸ்கேனர்ல இருக்கு, அதை தொறந்தாரு, பாதி டெஸ்ட் இன்னும் முடியலன்னு காட்டுச்சு. கோட அழிச்சா இந்த டெஸ்ட் எல்லாம் முதல்ல இருந்து ஓடணும், கொஞ்ச நாள் ஓட்டுனா தான் முடியும். ஆக நேத்தோ முந்தாநேத்தோ யாரோ அழிச்சிருக்காங்க. என்ன அழிச்சாங்கன்னு தெரிஞ்சுக்குற ஆசை எனக்கு இல்ல, அடுத்த வண்டிக்கு போயிட்டோம்.

கடைசியா எடுத்தது எஃப்48 எக்ஸ்1, பெட்ரோல், டார்க் கன்வெர்ட்டர், 2018 வண்டி. நாங்க பாத்ததுலேயே ஆப்ஷன் கம்மியான வண்டி அது தான். லெதர் இல்ல, கண்ணாடி ரூஃப் இல்ல, சக்கரம் சின்ன சைஸ். கலரும் எனக்கு புடிச்ச கலர் இல்ல. ஆனா ஒரே ஓனர், வருஷா வருஷம் ஆயில் பில்லு, கியர் ஆயில் மாத்துன பில்லு தனியா. பெரிய சக்கரம் இல்லாததும் நல்லதா போச்சு, டயர் விலை குறைவு, பள்ளத்துல இடி குறைவு. ரன்ஃபிளாட் டயர்னா பஞ்சர் ஆனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாம சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டலாம், அதுக்கு பதிலா ஸ்டெப்னி இருக்காது, நீங்க போற ரோட்ட யோசிச்சு முடிவு பண்ணுங்க.

பேரம் பேசுறப்ப வண்டிய குறை சொல்லல, லிஸ்ட்ட காட்டுனேன். முன் பிரேக் பேடு இவ்ளோ மிச்சம், டயர் ரெண்டு இந்த வருஷம் மாத்தணும், பேட்டரி ஒரிஜினல். மெக்கானிக் அண்ணா ஒவ்வொண்ணுக்கும் செலவு எழுதிக் குடுத்தாரு, அதுல பாதிய குறைச்சாங்க. வாங்குற விலைல பத்துல ஒரு பங்கு தனியா எடுத்து வெச்சுட்டு தான் பட்ஜெட்டே போட்டிருந்தோம், அதை தொடாம முதல் வருஷம் போனா அதிர்ஷ்டம், ஆனா அது இல்லாம இந்த வண்டி பக்கம் வராதீங்க. வந்ததும் எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், ஃபில்டர் எல்லாம் ஒரு தடவை மாத்திட்டோம், இனிமே கணக்கு நம்மளது. பேட்டரி மாத்துனப்ப அதை வண்டி சிஸ்டத்துல ரெஜிஸ்டர் பண்ண வெச்சேன், இந்த வண்டில அது பண்ணலன்னா பழைய பேட்டரின்னு நெனச்சே சார்ஜ் ஏத்தும், புது பேட்டரி சீக்கிரம் போயிரும்.

பணம் குடுக்குறதுக்கு முன்னாடி மூணு வேலை முடிச்சுக்கோங்க. சேஸிஸ் நம்பர கம்பெனி ரீகால் (பழுதுன்னு கம்பெனியே திருப்பிக் கூப்பிட்டு சரி பண்றது) பக்கத்துல போட்டு பாக்கி ஏதும் இருக்கான்னு பாருங்க, வெடிக்கிற ஆபத்துன்னு திருப்பிக் கூப்பிட்ட டகாட்டா கம்பெனி ஏர்பேக் மாதிரி விஷயம்னா இலவசமா மாத்திக் குடுப்பாங்க, ஆனா நாம கேட்டா தான். ரெண்டு சாவியும் கைக்கு வரணும், ரெண்டுலயும் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, இந்த வண்டிக்கெல்லாம் புது சாவி ஒண்ணு கோடிங்கோட சேத்து நல்லாவே காசாகும். அப்புறம் பழைய ஓனர் ஃபோன்ல இருக்கிற கம்பெனி ஆப்ல இருந்து வண்டிய அவர் கையாலேயே நீக்கச் சொல்லி, அங்கேயே உங்க ஃபோன்ல ஏத்திக்கோங்க. இல்லன்னா உங்க வண்டி எங்க நிக்குதுன்னு அவருக்கு தெரிஞ்சிட்டே இருக்கும், சில வண்டில கதவ கூட தொறக்கலாம். எங்களுக்கு வித்த ஓனர் அம்மா நீக்குறேன்னு சொல்லிட்டு பாஸ்வேர்ட மறந்துட்டாங்க, அவங்க பையன் ஃபோன்ல வந்து வழி சொல்லி முடிக்கிற வரைக்கும் மிச்ச பணத்த நான் அனுப்பல.